மாடலில் நடந்ததைப் பயனருக்குச் சொல்வது எப்படி?

ஃபார்மை நிரப்பி அனுப்புகிறோம். பக்கம் ஒருமுறை மின்னிவிட்டு அதே ஃபார்ம் திரும்ப வந்து நிற்கிறது. பதிவானதா, இல்லையா? ஒரு வரி கூட இல்லை. மறுபடி பொத்தானை அழுத்துவோம், வேறென்ன செய்ய? ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகிக் கிடப்பதற்கு இந்த மௌனம் ஒரு முக்கியக் காரணம்.

ரெயில்ஸ், ஜாங்கோ, லாராவெல், ஃபிளாஸ்க் என எந்த வலை ஃபிரேம்வொர்க்கைத் தொட்டாலும், தொடக்கப் பாடங்கள் பலவற்றில் கன்ட்ரோலரில் (பிரவுசர் அனுப்பும் ரெக்வெஸ்டை வாங்கிப் பதில் தரும் பகுதியில்) “சேமிக்கப்பட்டது” என்று ஒரு ஃபிளாஷ் செய்தி, அதாவது ஒருமுறை மட்டும் தெரியும் குறிப்பு, போடச் சொல்லித் தருவார்கள். அதுவரை எளிது. முடிவு மாடலுக்குள், அதாவது தரவையும் அதன் விதிகளையும் வைத்திருக்கும் பகுதிக்குள், எடுக்கப்படும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. மாடலில் நாலு நிபந்தனைகள் இருக்கின்றன, அதில் எது தடுத்தது என்று மாடலுக்குத்தான் தெரியும், ஆனால் திரையில் எழுத அதற்கு வழியில்லை. அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: பயிற்சி வகுப்புக்கு இடம் பதிவு செய்யும் ஒரு தளம். விதிகள் மூன்று. வகுப்பு தொடங்கிவிட்டால் பதிய முடியாது. ஒரே மின்னஞ்சலில் ஒரே வகுப்புக்கு இரண்டு பதிவு கூடாது. இடம் நிரம்பிவிட்டால் பெயர் காத்திருப்புப் பட்டியலுக்குப் போகும். மூன்றாவது விதியைக் கொஞ்சம் கவனித்து வையுங்கள், பிறகு தொல்லை கொடுக்கப்போவது அதுதான்.

முதலில், செய்யக்கூடாதது

புதிதாக வருபவர்கள் தேடும் முதல் வழி, மாடலுக்குள்ளிருந்தே ஃபிளாஷைக் கூப்பிடுவது. ரெயில்ஸில் அது கிடைக்காது. ஜாங்கோவில் செய்தி போட ரெக்வெஸ்ட் வேண்டும், மாடலிடம் ரெக்வெஸ்ட் இல்லை. உடனே ரெக்வெஸ்டை ஒரு குளோபல் மாறியிலோ த்ரெட் (சர்வரில் ஒரு ரெக்வெஸ்டைக் கவனிக்கும் ஓட்டம்) அளவிலான மாறியிலோ வைத்துவிட்டு மாடலில் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சில நாள் வேலையும் செய்யும்.

ஏன் வேண்டாம் என்றால், மாடல் வலைப்பக்கத்திலிருந்து மட்டும் ஓடுவதில்லை. கன்சோலில் ஓடும், இரவில் ஓடும் தானியங்கி வேலையில் ஓடும், சோதனைகளில் ஓடும், மொபைல் செயலிக்கான ஏபிஐயில் ஓடும். அங்கெல்லாம் திரையும் இல்லை, செஷனும் (ஒரு பயனருக்காகப் பக்கங்களுக்கிடையே நினைவில் வைக்கும் தகவல்) இல்லை. அதோடு, சர்வர் அதே த்ரெட்டை அடுத்த ரெக்வெஸ்டுக்கும் பயன்படுத்தும். மாறியைச் சுத்தம் செய்ய மறந்தால் ஒருவருக்கான செய்தி இன்னொருவர் திரையில் போய் நிற்கும்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். என்ன நடந்தது என்று மாடல் சொல்லும். அதை எந்தப் பக்கத்துக்கு எப்படி எடுத்துப்போவது என்று கன்ட்ரோலர் முடிவு செய்யும். எந்தச் சொற்களில், எந்த இடத்தில் காட்டுவது என்பது வியூவின் (திரையை வரையும் டெம்ப்ளேட்டின்) வேலை. இனி வரும் படிகள் எல்லாம் இதன் விவரம்தான்.

படி 1: எத்தனை வகைச் செய்தி என்று எழுதிப் பாருங்கள்

குறியீட்டைத் தொடும் முன் ஒரு தாளில் இதைச் செய்யுங்கள். நம் உதாரணத்தில், மின்னஞ்சல் வடிவம் தவறு என்பது ஒரு புலத்துக்கு (ஃபார்மின் ஒரு பெட்டிக்கு) உரிய பிழை. வகுப்பு தொடங்கிவிட்டது என்பது எந்தப் புலத்துக்கும் உரியதல்ல, மொத்தப் பதிவுக்குமானது. இடம் கிடைத்தது என்பது வெற்றி. காத்திருப்புப் பட்டியலில் சேர்த்தோம் என்பது என்ன? பதிவு சேமிக்கப்பட்டுவிட்டது, அதனால் பிழை இல்லை. ஆனால் பச்சைப் பெட்டியில் “வெற்றி” என்று போட்டால் பயனர் வகுப்பு நாளன்று வந்து நிற்பார். இது தனி வகை: நடந்தது, ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பல தளங்களில் இந்த நாலாவது வகைக்கு இடமே இருப்பதில்லை. பிழை, வெற்றி என்ற இரண்டே பெட்டிக்குள் எல்லாவற்றையும் திணிப்பதால்தான் குழப்பமான செய்திகள் பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

படி 2: தோல்வியை மாடல் தன் வழியில் சொல்லட்டும்

பிழைகளுக்கு ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்கும் ஏற்கெனவே ஒரு பாதை வைத்திருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள், புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

ரெயில்ஸில் ஒவ்வொரு மாடல் பொருளிலும் எரர்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. வேலிடேஷன் (சேமிக்கும் முன் விதிகளைச் சரிபார்க்கும்) மெத்தடுக்குள் எரர்ஸ்.ஆட் என்று கூப்பிட்டு, புலத்தின் பெயரையும் காரணத்தையும் கொடுக்கிறீர்கள். எந்தப் புலத்தையும் சேராத பிழைக்குப் புலத்தின் பெயராக ‘பேஸ்’ என்று கொடுக்க வேண்டும். காரணத்தை முழு வாக்கியமாகக் கொடுக்காமல் ‘வகுப்பு தொடங்கிவிட்டது’ என்பதற்கான ஒரு சிம்பலாக (ரூபி மொழியில் ஒரு பெயர்க்குறி) கொடுத்தால், வாக்கியத்தை மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்து ரெயில்ஸே எடுத்துக்கொள்ளும். சோதனை எழுதும்போதும் வாக்கியத்தை ஒப்பிடாமல் அந்தக் காரணத்தை மட்டும் ஒப்பிடலாம்.

இங்கே எல்லோரையும் ஒருமுறையாவது குழப்பும் ஒரு விஷயம் உண்டு. வேலிடேஷனுக்கு வெளியே, எங்கோ ஒரு சாதாரண மெத்தடில் எரர்ஸ்.ஆட் கூப்பிட்டுவிட்டு, பிறகு சேவ் கூப்பிட்டால், நீங்கள் சேர்த்த பிழை காணாமல் போய்விடும். சேவ் முதலில் வேலிடேஷனை ஓட்டுகிறது, வேலிடேஷன் தொடங்கும்போதே பழைய பிழைகளை அழித்துவிடுகிறது. பிழை சேர்த்தேனே, ஏன் சேமிக்கப்பட்டது என்று தலையைச் சொறிவது இதனால்தான். நிபந்தனையை வேலிடேஷனுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். நீக்குவதைத் தடுப்பது போன்ற இடங்களில், அதற்கு முன் தானாக ஓடும் மெத்தடான கால்பேக்கில் பிழையைச் சேர்த்துவிட்டு, ‘அபோர்ட்’ என்பதை த்ரோ செய்து நிறுத்தலாம். அங்கே சேர்த்த பிழை அப்படியே இருக்கும். ஃபால்ஸ் (பொய்) என்ற மதிப்பைத் திருப்பினால் நின்றுவிடும் என்று பழைய பாடங்களில் எழுதியிருப்பார்கள், ரெயில்ஸ் 5க்குப் பிறகு அந்த வழியை நம்ப வேண்டாம்.

ஜாங்கோவில் மாடலின் கிளீன் மெத்தடில் வேலிடேஷன்எரரை எழுப்புங்கள். வெறும் செய்தியாகக் கொடுத்தால் அது மொத்த ஃபார்முக்கான பிழை, புலத்தின் பெயரோடு டிக்‌ஷனரியாகக் கொடுத்தால் அந்தப் புலத்துக்கான பிழை. கோட் என்ற அளவுருவில் காரணத்துக்கு ஒரு பெயரும் கொடுத்துவையுங்கள். இதிலும் ஒரு பொறி இருக்கிறது: ஜாங்கோவின் சேவ் மெத்தட் வேலிடேஷனைத் தானாக ஓட்டாது. மாடல்ஃபார்ம் (மாடலிலிருந்து உருவாக்கும் ஃபார்ம்) வழியாக வந்தால் கிளீன் ஓடும். நீங்களே பொருளை உருவாக்கி நேராக சேவ் கூப்பிட்டால் ஓடாது, ஃபுல்_கிளீன் என்பதை நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.

லாராவெலில் வேலிடேஷன் வழக்கமாக ரெக்வெஸ்ட் பக்கமே நடக்கும். உள்ளே, பிசினஸ் லாஜிக்கில் தடுக்க வேண்டியிருந்தால் வேலிடேஷன்எக்செப்ஷனை, புலத்தின் பெயரும் செய்தியும் கொடுத்து எழுப்பலாம். வலைப்பக்கமாக இருந்தால் லாராவெல் அதைப் பிடித்துப் பயனரைப் பழைய பக்கத்துக்கே பிழைகளோடு அனுப்பிவிடும், ஜேசன் கேட்டு வந்த ரெக்வெஸ்டாக இருந்தால் 422 என்ற நிலைக் குறியோடு பிழைகளை ஜேசனாகத் தரும். வசதியானதுதான்.

படி 3: வெற்றிக்கும் ஒரு விவரம் உண்டு

எரர்ஸ் தொகுப்பு தோல்விக்கானது. காத்திருப்புப் பட்டியல் செய்தியை அதில் போட முடியாது, போட்டால் ஃபிரேம்வொர்க் அதைத் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளும். அப்போது என்ன செய்வது?

பதிவின் நிலை டேட்டாபேஸிலேயே ஒரு நெடுவரிசையாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ‘உறுதி’, ‘காத்திருப்பு’ என்று நிலை இருக்கிறது, சேமித்த பிறகு கன்ட்ரோலர் அதைப் பார்த்துச் செய்தியைத் தேர்ந்தெடுக்கும். பெரும்பாலான தளங்களுக்கு இதுவே போதும்.

சேமிப்பில் தங்காத தகவலும் சொல்ல வேண்டியிருக்கலாம். உதாரணமாக, இதே நேரத்தில் உங்களுக்கு இன்னொரு வகுப்பும் இருக்கிறது என்ற எச்சரிக்கை. அப்போது பதிவு செய்யும் செயலைத் தனி கிளாஸாகவோ ஃபங்ஷனாகவோ எடுத்து, அது ஒரு முடிவுப் பொருளைத் திருப்பித் தரும்படி எழுதுங்கள். அதில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: ஆனதா இல்லையா, என்ன ஆனது என்பதற்கு ஒரு குறிப்பெயர், வாக்கியத்தில் நிரப்பத் தேவையான மதிப்புகள். ‘காத்திருப்பில் சேர்க்கப்பட்டது, வரிசை எண் 4’ என்ற அளவில். வாக்கியம் வேண்டாம். வாக்கியத்தை மாடல் பக்கம் எழுதிவிட்டால், அதே செயலை மொபைல் செயலி கூப்பிடும்போது “மேலே உள்ள பொத்தானை அழுத்தவும்” என்பது போன்ற வரிகள் அங்கேயும் போய் நிற்கும்.

எதிர்பார்க்கும் தோல்விகளுக்கெல்லாம் எக்செப்ஷன் எழுப்புவதா, முடிவுப் பொருள் தருவதா என்ற விவாதம் ஓயாது. உங்கள் ஃபிரேம்வொர்க் எதை இயல்பாகப் பிடிக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். ஒரே தளத்தில் இரண்டையும் கலக்காமல் இருப்பது அதைவிட முக்கியம்.

படி 4: கன்ட்ரோலர் எடுத்துப்போகும் வழி

இதில் இரண்டு பாதைகள்தான். சேமிப்பு வெற்றி என்றால் ரீடைரெக்ட், அதாவது பிரவுசரை வேறு பக்கத்துக்குப் போகச் சொல்வது. தோல்வி என்றால் அதே ஃபார்மைப் பயனர் தட்டிய மதிப்புகளோடு மறுபடி வரைந்து காட்டுவது.

வெற்றிக்கு ஏன் ரீடைரெக்ட்? ஃபார்மை அனுப்பும் போஸ்ட் ரெக்வெஸ்டுக்கு விடையாக நேராகப் பக்கத்தைக் காட்டிவிட்டால், பயனர் ரீஃப்ரெஷ் செய்யும்போது பிரவுசர் ஃபார்மை மறுபடி அனுப்பும். ரீடைரெக்ட் செய்தால் அது ஒரு கெட் பக்கத்தில் போய் நிற்கும், எத்தனை முறை ரீஃப்ரெஷ் செய்தாலும் பாதகமில்லை. இதற்கென்றே எச்டிடிபியில் 303 என்ற நிலைக் குறி இருக்கிறது. 302 கொடுத்தாலும் பிரவுசர்கள் நடைமுறையில் அதையேதான் செய்கின்றன.

ரீடைரெக்ட் என்றால் அடுத்து வருவது புது ரெக்வெஸ்ட். எச்டிடிபிக்கு முந்தைய ரெக்வெஸ்டின் நினைவு கிடையாது. செய்தியை அடுத்த பக்கம் வரை பத்திரமாக வைத்திருக்கும் இடம்தான் ஃபிளாஷ்: செஷனில் அல்லது குக்கியில் ஒருமுறை மட்டும் வாழும் குறிப்பு. ஜாங்கோவின் மெசேஜஸ் வழக்கமாக முதலில் குக்கியில் வைக்கப் பார்க்கும், கொள்ளாவிட்டால் செஷனுக்குப் போகும். ஃபிளாஸ்கில் செஷனே குக்கியில்தான் இருக்கிறது, அதனால் சீக்ரெட் கீ அமைக்காமல் ஃபிளாஷ் கூப்பிட்டால் பிழை வரும். குக்கியின் கொள்ளளவு ஏறக்குறைய 4 கிலோபைட். அதனால் மாடல் பொருளையோ நூறு வரிப் பிழைப் பட்டியலையோ ஃபிளாஷில் திணிக்காதீர்கள். இன்னொன்று, ஃபிளாஸ்கின் குக்கி கையெழுத்திடப்பட்டது, ஆனால் மறைகுறியாக்கப்பட்டதல்ல. பயனர் விரும்பினால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியும்.

தோல்விப் பாதையில் ஃபிளாஷ் தேவையே இல்லை. பொருள் கையில் இருக்கிறது, பிழைகளும் அதிலேயே இருக்கின்றன, அப்படியே வியூவிடம் கொடுங்கள். மேலே பொதுவாக ஒரு வரி காட்ட வேண்டுமென்றால் ரெயில்ஸில் ஃபிளாஷ்.நவ் பயன்படுத்துங்கள். வெறும் ஃபிளாஷ் போட்டால் இந்தப் பக்கத்திலும் வரும், அடுத்து எங்கே போனாலும் அங்கேயும் ஒருமுறை வரும். திருத்திச் சரியாகச் சேமித்தவருக்கு “பதிவு தோல்வி” என்று பழைய செய்தி வரவேற்புக் கொடுக்கும்.

ரெயில்ஸ் 7லிருந்து டர்போ என்ற, பக்கத்தை முழுதாக ஏற்றாமல் மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இயல்பாகவே சேர்ந்து வருகிறது. ஃபார்மை மறுபடி வரையும்போது 422 நிலைக் குறி கொடுக்க மறந்து, வழக்கமான 200 போய்விட்டால், டர்போ அந்தப் பதிலைக் காட்டாது. பிழைச் செய்தி எழுதியிருக்கிறேன், வரவே மாட்டேன் என்கிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பிரவுசரின் கன்சோலைத் திறந்தால் அங்கே ஒரு சிவப்பு வரி காத்திருக்கும்.

லாராவெல் கொஞ்சம் வேறு: தோல்வியிலும் பழைய பக்கத்துக்கு ரீடைரெக்ட் செய்து, பிழைகளையும் பயனர் தட்டியவற்றையும் செஷனில் ஃபிளாஷ் செய்துவிடும். டெம்ப்ளேட்டில் எரர்ஸ் மாறி எப்போதும் இருக்கும், பழைய மதிப்பை எடுக்க ஓல்ட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

படி 5: திரையில்

ஃபிளாஷ் செய்திகளைக் காட்டும் துண்டு எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான லேஅவுட்டில் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஜாங்கோவில் இது மிக அவசியம், ஏனென்றால் டெம்ப்ளேட்டில் சுற்றி வந்து காட்டிய பிறகுதான் செய்திகள் நீங்கும். காட்டாத பக்கங்களாகவே போய்க்கொண்டிருந்தால் செய்திகள் சேர்ந்துகொண்டே இருந்து, காட்டும் பக்கம் வந்ததும் மொத்தமாகக் கொட்டும்.

புலத்தின் பிழை அந்தப் புலத்துக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். மொத்தப் பதிவுக்கான பிழை ஃபார்மின் மேலே. ‘பேஸ்’ பிழைகளை வரைய மறப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது: புலங்களின் பிழைகளை மட்டும் காட்டும் டெம்ப்ளேட்டில், வகுப்பு தொடங்கிவிட்டது என்ற காரணம் எங்குமே தெரியாது. முதல் பத்தியில் சொன்ன மௌனம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

செய்திக்குள் பயனர் தட்டிய எதையாவது சேர்த்துக் காட்டுகிறீர்களா? “கவிதா பெயரில் ஏற்கெனவே பதிவு உள்ளது” என்ற மாதிரி? அப்படியானால் எஸ்கேப் செய்வதை (எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றுவதை) ஒருபோதும் அணைக்காதீர்கள். செய்தியில் ஒரு இணைப்பு வைக்க ஆசைப்பட்டு, மொத்த வாக்கியத்தையும் பாதுகாப்பான எச்டிஎம்எல் என்று குறித்துவிட்டால், பெயர்ப் புலத்தில் ஸ்கிரிப்ட் எழுதி அனுப்புபவருக்குக் கதவைத் திறந்துவிட்டது போலத்தான். இணைப்பு தேவையென்றால் குறிப்பெயரைப் பார்த்து டெம்ப்ளேட்டிலேயே அதை எழுதுங்கள்.

பார்க்க முடியாதவர்களுக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாமல் “பிழை” என்ற சொல்லோ குறியோ இருக்கட்டும். புலத்துக்கு ஏரியா-இன்வேலிட் என்ற எச்டிஎம்எல் பண்பை வைத்து, ஏரியா-டிஸ்கிரைப்ட்பை என்ற பண்பின் மூலம் பிழை வரியோடு இணையுங்கள். பக்கம் மாறாமல் தோன்றும் சாதாரணத் தகவலுக்கு ரோல் ‘ஸ்டேட்டஸ்’, உடனே கேட்க வேண்டியதற்கு ரோல் ‘அலர்ட்’. நிலைச் செய்திகள் ஃபோகஸ் மாறாமலே ஸ்கிரீன் ரீடருக்குத் தெரிய வேண்டும் என்பது 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற இணைய அணுகல் வழிகாட்டியில் 4.1.3 என்ற விதியாகவே இருக்கிறது. முழுப் பக்கமும் புதிதாக ஏறும்போது இந்த ரோல்களை எல்லா ஸ்கிரீன் ரீடரும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை, அதனால் பிழைச் சுருக்கத்துக்கு ஃபோகஸை நகர்த்துவதும் பக்கத் தலைப்பின் முன் “பிழை” என்று சேர்ப்பதும் நம்பகமான வழி. சில நொடியில் தானாக மறையும் பெட்டியில் பிழையைக் காட்டாதீர்கள். மெதுவாகப் படிப்பவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே அது போய்விடும்.

சொற்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. என்ன ஆனது, இனி என்ன செய்யலாம், இரண்டும் இருக்கட்டும். “தவறான உள்ளீடு” என்பதில் இரண்டுமே இல்லை. ரெயில்ஸ் இயல்பாகப் புலத்தின் பெயரையும் செய்தியையும் ஒரு இடைவெளி விட்டு ஒட்டித்தான் முழுச் செய்தியை உருவாக்கும். வேற்றுமை உருபு சேரும் தமிழில் இது பல சமயம் உடைந்த வாக்கியமாக வரும், அதனால் மொழிபெயர்ப்புக் கோப்பில் வடிவத்தை மாற்றிவிட்டு முழு வாக்கியமாகவே எழுதிவிடுங்கள். உள்நுழைவுப் பக்கம் மட்டும் விதிவிலக்கு. மின்னஞ்சல் தவறா கடவுச்சொல் தவறா என்று அங்கே பிரித்துச் சொல்லக்கூடாது, யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்பதை மற்றவர்கள் அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

படி 6: செய்தி பொய்யாகும் இடங்கள்

ஒரே மின்னஞ்சலில் இரண்டு பதிவு கூடாது என்ற விதியை வேலிடேஷனில் எழுதிவிட்டோம். அது முதலில் டேட்டாபேஸில் தேடும், இல்லையென்றால் சேமிக்கும். இரண்டு ரெக்வெஸ்டுகள் ஒரே கணத்தில் வந்தால் இரண்டும் “இல்லை” என்றே பார்க்கும், இரண்டும் சேமிக்கும். தடுக்க வேண்டியது டேட்டாபேஸின் யுனிக் இன்டெக்ஸ், அதாவது ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் டேட்டாபேஸே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. ஆனால் இன்டெக்ஸ் தடுக்கும்போது அழகான பிழைச் செய்தி வராது, எக்செப்ஷன்தான் வரும்: ரெயில்ஸில் ரெக்கார்ட்நாட்யூனிக், ஜாங்கோவில் இன்டெக்ரிட்டிஎரர். அதைப் பிடித்து, வேலிடேஷன் தரும் அதே பிழையாக மாற்றிக் கொடுங்கள். ஜாங்கோவில் அடாமிக் தொகுதிக்கு (எல்லாம் சேர்ந்து நடக்கும் அல்லது எதுவும் நடக்காத ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு) வெளியே பிடிக்க வேண்டும். உள்ளே பிடித்துவிட்டு அதே டிரான்சாக்‌ஷனில் மேலும் வினவல் அனுப்பினால் அதுவும் முறியும்.

கடைசி ஒரு இடத்துக்கு இருவர் மோதுவதும் இதே கதை. இன்டெக்ஸ் அங்கே உதவாது, டேட்டாபேஸ் அட்டவணையில் அந்த வகுப்புக்கான வரிசையைப் பூட்டிவிட்டு எண்ண வேண்டும். பூட்டாமல் எண்ணினால் இருவருக்கும் “இடம் உறுதி” என்று செய்தி போகும், நாற்காலி ஒன்றுதான் இருக்கும்.

வெற்றிச் செய்தியை டிரான்சாக்‌ஷன் முழுதாக முடிந்த பிறகே போடுங்கள். நடுவில் போட்டுவிட்டு, பின்னால் ஏதோ ஒரு வரி தவறி எல்லாம் பின்வாங்கினால், செய்தி மட்டும் மிஞ்சும்.

ஃபிளாஷுக்கே உரிய சில விசித்திரங்களும் உண்டு. ரெயில்ஸிலும் லாராவெலிலும் அது அடுத்து எந்த ரெக்வெஸ்ட் வருகிறதோ அதற்குப் போய்விடும். பயனர் இரண்டு டேப் திறந்திருந்தால் செய்தி இன்னொரு டேப்பில் முளைக்கலாம். பின்னணியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அழைப்பு ஒன்று முந்திக்கொண்டால் யாருமே பார்க்காமல் காலியாகிவிடும். இரண்டு ரீடைரெக்ட் தொடர்ந்து நடந்தால் ரெயில்ஸில் ஃபிளாஷ்.கீப் சொல்லித்தான் காப்பாற்ற வேண்டும். முழுப் பக்கத்தையும் கேஷ் செய்யும் இடத்தில் ஃபிளாஷைக் காட்டினால் ஒருவரின் செய்தி ஊருக்கே தெரியும்.

பின்னணி வேலைகளுக்கு ஃபிளாஷ் பொருந்தாது. ஆயிரம் பேரின் பதிவை ஒரு கோப்பிலிருந்து ஏற்றும் வேலை முடியும்போது ரெக்வெஸ்ட் எப்போதோ முடிந்திருக்கும். அப்போது “ஏற்றும் வேலை தொடங்கியது” என்பதை மட்டும் ஃபிளாஷில் சொல்லுங்கள். முடிவை, எத்தனை ஏறின, எவை எதனால் ஏறவில்லை என்பதை, டேட்டாபேஸில் ஒரு அட்டவணையில் எழுதி, பயனர் எப்போது வந்தாலும் பார்க்கும்படி வையுங்கள். படி 3இல் சொன்ன குறிப்பெயரும் மதிப்புகளும் இங்கே அப்படியே வரிசைகளாகச் சேமிக்க உதவும்.

சோதனைகளையும் இதே பிரிவில் எழுதலாம். மாடல் சோதனையில் குறிப்பெயரை மட்டும் பாருங்கள். கன்ட்ரோலர் சோதனையில் நிலைக் குறியும் ரீடைரெக்ட் போகும் இடமும் போதும். பிரவுசர் சோதனை ஒன்றே ஒன்று எழுத நேரமிருந்தால், தொடங்கிவிட்ட வகுப்புக்குப் பதிய முயன்று, அந்தக் காரணம் திரையில் உண்மையில் தெரிகிறதா என்று பார்ப்பதை எழுதுங்கள்.